உள்ளுறைப் பயிலுநர்: 'இன்டர்ன்' என்ற சொல்லின் வழியும் அதற்குரிய தமிழும்

பன்னாட்டுப் பள்ளிகளில் வேலை தேடும் இளம் ஆசிரியர் பெரும்பாலும் முதலில் முட்டிக்கொள்வது, கற்பித்தல் தகுதி பெற்ற பிறகு குறைந்தது இரண்டு ஆண்டு வகுப்பறை அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனையில்தான். அனுபவம் இல்லாததால் வேலை கிடைப்பதில்லை. வேலை கிடைக்காததால் அனுபவமும் சேர்வதில்லை. இந்தச் சுற்றிலிருந்து வெளிவரப் பலர் பிடிக்கும் வழி, ஓராண்டோ ஈராண்டோ ஒரு பள்ளியில் 'டீச்சிங் இன்டர்ன்' ஆக, அதாவது பள்ளியில் உதவியபடியே கற்பித்தலைப் பயில்பவராகச் சேர்வது. அந்தப் பணியில் எதைக் கேட்டுப் பெறலாம், எதை எதிர்பார்க்கக்கூடாது என்பது தெளிய வேண்டுமானால், 'இன்டர்ன்' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது நல்லது.

'உள்ளே இருப்பது' என்று பொருள்படும் 'இன்டர்னுஸ்' என்ற இலத்தீன் சொல்லே இதன் வேர். அது பிரெஞ்சில் 'அன்டேர்ன்' ஆயிற்று. பிரெஞ்சுப் பள்ளிகளில் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவருக்கு அந்தப் பெயர். வீட்டிலிருந்து வந்து போகும் மாணவர் 'எக்ஸ்டேர்ன்', அதாவது வெளியாள். 1802இல் பாரிஸ் மருத்துவமனைகள் போட்டித் தேர்வு வைத்து மருத்துவ மாணவர்களைச் சேர்த்துக்கொண்டபோது, மருத்துவமனைக்குள்ளேயே தங்கி நோயாளிகளைக் கவனித்தவர்களுக்கும் அதே பெயர் வழங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க மருத்துவமனைகள் அதை ஏற்றுக்கொண்டன. அங்கிருந்து அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் பரவியது. பள்ளி விடுதியிலிருந்து மருத்துவமனைக்குப் போன சொல், இப்போது ஆசிரியரைத் தேடிக்கொண்டு மறுபடியும் பள்ளிக்கே வந்திருக்கிறது.

'இன்டர்நேஷனல்' என்ற சொல்லும் இதற்கு உறவுதான். 'இடையே' என்று பொருள்படும் 'இன்டர்' என்ற இலத்தீன் சொல்லைக் கொண்டு, நாடுகளுக்கு இடையிலான சட்டத்தைக் குறிக்க, ஆங்கிலேயச் சட்டச் சிந்தனையாளர் ஜெரமி பெந்தம் இதை உருவாக்கினார். 1789இல் வெளியான அவருடைய நூலில் அது இடம்பெற்றது. தமிழில் 'சர்வதேச' என்பதைவிடப் 'பன்னாட்டு' என்பதே எனக்கு உகந்ததாகப் படுகிறது, ஏனெனில் அது எல்லா நாடுகளையும் என்று மிகைப்படுத்தாமல் பல நாடுகளை என்று அளவோடு நிறுத்திக்கொள்கிறது. 1924இல் ஜெனீவாவில் தொடங்கிய பன்னாட்டுப் பள்ளியும், 1901இல் அமெரிக்க மறைப்பணியாளர்கள் தொடங்கி 1976இல் 'இன்டர்நேஷனல் பேக்கலோரியட்' (ஐ.பி.) என்ற பன்னாட்டுப் பாடத்திட்டத்தை ஏற்ற கொடைக்கானல் பள்ளியும் அந்தப் பெயருக்குரியவை. பெயர்ப்பலகையில் மட்டும் 'இன்டர்நேஷனல்' என்று எழுதி, உள்ளே சி.பி.எஸ்.இ. பாடம் நடத்தும் பள்ளியில் பெறும் அனுபவம் வெளிநாட்டில் வேறு வகையாகவே எடைபோடப்படும் என்பதை, சேரும் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

இனித் தமிழுக்கு வருவோம். இலங்கையில் 'உள்ளகப் பயிற்சி' என்ற வழக்கு நன்றாக வேரூன்றியிருக்கிறது. மருத்துவப் பட்டம் பெற்று மருத்துவமனையில் பயில்பவரை 'உள்ளகப் பயிற்சி வைத்தியர்' என்கிறார்கள். ஆனால் 'உள்ளகக் கணக்காய்வு' என்பதில் போல, 'உள்ளக' என்பது வெளியார் அல்லாதது என்ற பொருளையே முதலில் தருகிறது. தங்கியிருத்தல் அதில் தெரிவதில்லை. தமிழ்நாட்டில் வழங்கும் 'உள்ளுறைப் பயிற்சி' என்பதில் அது தெரிகிறது. உறைதல் என்றால் தங்கி வாழ்தல். உறைவிடம், உறைவிடப் பள்ளி என்ற சொற்களில் இருப்பது அதே உறைதல்தான். 'உள்ளுறை' என்றதும் தொல்காப்பியம் சொல்லும் உள்ளுறை உவமம் நினைவுக்கு வந்து சிலர் தயங்குவதைக் கேட்டிருக்கிறேன். அங்கும் பொருள் உள்ளே உறைவதால்தான் அந்தப் பெயர் வந்தது. ஆகவே தயங்கக் காரணமில்லை. சட்டம் பேசும் 'தொழிற்பழகுநர்' வேறு ஆள். அது 1961ஆம் ஆண்டு இந்தியத் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் ஒரு தொழிலைப் பழகுபவருக்கு உரிய பெயர். 'பணியிடைப் பயிற்சி' ஏற்கெனவே பணியில் இருப்பவருக்கு நடத்தப்படுவது. இவற்றை ஒன்றின் இடத்தில் மற்றொன்றாகப் போடுவது பிழை.

பயிற்சியின் பெயரைவிட, பயில்பவரின் பெயரில்தான் நாம் அதிகம் தடுமாறுகிறோம். செய்திகளில் 'உள்ளுறைப் பயிற்சியாளர்' என்று எழுதுகிறார்கள். கிரிக்கெட் அணியின் பயிற்சியாளர் கற்றுக்கொடுப்பவர். அப்படியிருக்க, கற்றுக்கொள்ள வந்தவரையும் பயிற்சியாளர் என்றால் வாசகர் யாரை நினைப்பார்? பயில்பவர் பயிலுநர், பயிற்றுபவர் பயிற்றுநர் என்று தமிழ் இவ்விரண்டையும் சிறு மாற்றத்தில் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. எனவே 'உள்ளுறைப் பயிலுநர்' என்பதே சரி. பள்ளியைக் குறிப்பாகச் சொல்ல வேண்டிய இடத்தில் 'உள்ளுறைப் பயில் ஆசிரியர்' எனலாம்.

செயலளவில் இது நமக்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை, தான் படித்துக்கொண்டே சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன். 1789 முதல் 1796 வரை சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியைக் கவனித்த ஆண்ட்ரூ பெல், மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் முறையை அங்கே நடத்திப் பார்த்து, 'மதராஸ் முறை' என்று இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். இன்றைய பி.எட். மாணவரும் 2014ஆம் ஆண்டு விதிகளின்படி 20 வாரம் பள்ளியில் கழிக்கிறார். ஆனால் அவர் காலையில் வந்து மாலையில் திரும்புகிறார். அதற்குக் 'கற்பித்தல் பயிற்சி' என்ற பழைய பெயரே போதும்.

பன்னாட்டு உறைவிடப் பள்ளியின் பயிலுநரோ சொல்லின் முழுப்பொருளில் உள்ளே உறைகிறார். காலையில் வகுப்பின் முதன்மை ஆசிரியர் பாடம் நடத்தும்போது, வாசிப்பில் பின்தங்கிய மூன்று பிள்ளைகளை மூலைப் பாய்க்கு அழைத்து, ஒவ்வொருவரையும் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லி, தடுமாறிய சொற்களைக் குறிப்பேட்டில் எழுதுகிறார். விடுப்பெடுத்த ஆசிரியரின் வகுப்பை இடைவேளைக்குப் பிறகு பார்த்துக்கொள்கிறார். இரவில் விடுதியில் விளக்கணைக்கும் வரை பிள்ளைகளோடு இருக்கிறார். ஆசிரியம் என்பது பாடவேளைக்குள் அடங்கும் வேலை அல்ல என்பதை இதைவிட நன்றாகக் கற்றுத்தரும் வழி வேறில்லை என்றே நம்புகிறேன்.

அதற்காக, கிடைத்ததை வாங்கிக்கொண்டு வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. தங்குமிடமும் உணவும் உதவித்தொகையும் தரும் பள்ளிகள் உண்டு. பயிலுநரிடமே கட்டணம் கேட்கும் இடைத்தரகர்களும் உண்டு, அவர்களை விட்டு விலகுவதே நலம். எந்த விசாவில் அழைக்கிறார்கள், அதை வேலை விசாவாக மாற்ற முடியுமா என்பதை எழுத்தில் கேட்க வேண்டும். தகுதிச் சான்று சேர்கிறதா என்பதும் முக்கியம்: இங்கிலாந்து அரசு 2022இல் தொடங்கிய ஐ.கியூ.டி.எஸ். என்ற பன்னாட்டு ஆசிரியத் தகுதித் திட்டத்தில் வெளிநாட்டுப் பள்ளியில் இருந்தபடியே பயின்று அந்நாட்டு ஆசிரியத் தகுதியைப் பெறலாம், பன்னாட்டுப் பி.ஜி.சி.இ. என்ற முதுநிலைக் கல்வியியல் சான்றிதழ் மட்டும் அந்தத் தகுதியைத் தருவதில்லை.

பயிலுநர் வெறும் உதவியாளராகக் கழித்த ஆண்டைப் பல பள்ளிகள், தொடக்கத்தில் சொன்ன இரண்டு ஆண்டு அனுபவக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே விடைபெறும்போது வாங்கும் சான்றிதழில் 'இன்டர்ன்' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிடாமல், எந்த வகுப்பு, எந்தப் பாடம், வாரத்துக்கு எத்தனை பாடவேளை தனியாக நடத்தினார், யார் மேற்பார்வையில் நடத்தினார் என்ற விவரங்களை எழுதித் தரும்படி பள்ளியைக் கேட்க வேண்டும்.