பச்சையாகவே வாடும் தக்காளி

பண்டாரவளைப் பக்கம் லயத்துக்குப் பின்னால் என் சித்தி தக்காளி போடுகிறார். போன வருடம் காய் பிடிக்கிற நேரத்தில் ஒரு செடி மத்தியானம் தலையைத் தொங்கப்போட்டது; சாயங்காலம் கொஞ்சம் தேறியது. தாகம் என்று நினைத்து வாளி வாளியாக ஊற்றினார். நாலாம் நாள் செடி எழும்பவில்லை. இலை மட்டும் மஞ்சளாகாமல் பச்சையாகவே இருந்தது.

அதை வைத்துத்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. அடித்தண்டை வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுவாய் மட்டும் நனையும்படி பிடித்தோம். சில நிமிடத்தில் பால் போன்ற வெள்ளை நூல்கள் கீழே இறங்கின. பக்டீரியா வாடல் நோய்.

இதற்குக் காரணம் ரால்ஸ்டோனியா சொலனேசியாரம் என்ற மண் பக்டீரியா. மம்பட்டி பட்ட காயத்தாலோ வட்டப்புழு துளைத்த இடத்தாலோ வேருக்குள் நுழையும். தண்ணீர் ஏறும் மெல்லிய குழாய்களில் போய் உட்கார்ந்து பெருகும். நோய் முற்றினால் ஒரு கிராம் தண்டில் 100 கோடியைத் தாண்டிவிடும். அது கக்கும் சர்க்கரைப் பசை குழாயை அடைத்துவிடுகிறது. வேரடியில் ஈரம் இருந்தும் இலைக்கு ஒரு சொட்டும் போகாது. பங்கசு மருந்து அடித்தும் பயனில்லை, இது பங்கசு அல்லவே.

மலைச்சரிவில் இதற்கு இன்னொரு வசதி உண்டு. செத்த செடியின் வேரிலிருந்து கசிவது மழைத்தண்ணீரோடு கானில் இறங்கி, கீழ்ப்பாத்திக்குப் போகும். அதனால் பிடுங்கிய செடியை வேரடி மண்ணோடு பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். கானில் எறியவே வேண்டாம். மம்பட்டியையும் கழுவுங்கள். நுவரெலியாக் குளிர் காப்பாற்றும் என்றும் நம்ப வேண்டாம், உருளைக்கிழங்கைத் தாக்கும் வகை குளிரையும் தாங்கும்.

அந்த இடத்தில் இரண்டு மூன்று வருடம் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு நான்கும் கூடாது. சோளம், கோவா, லீக்ஸ் போடலாம். வெலிமடை வயல்களில் நெல்லுக்குப் பிறகு உருளைக்கிழங்கு நடுகிறார்களே, அது நல்ல வழக்கம்: தேங்கி நிற்கும் தண்ணீரில் இந்தக் கிருமி குறைந்துபோகும்.

வேறு இடமே இல்லை என்றால் ஒட்டுக்கன்று. நோய் தாங்கும் கத்தரி வேரில் தக்காளித் தண்டை ஒட்டுவார்கள். சித்தி இந்த வருடம் அதைத்தான் நட்டிருக்கிறார். ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும். பழக்கத்தில் மண் அணைத்தால் தக்காளித் தண்டு தானே வேர் விட்டு, கிருமிக்கு மறுபடியும் வாசல் திறந்துவிடும்.