ஆல்வேஸ் ரைட்-பேக்: அந்த ஆப்ஷனைத் தொடும் முன்

சர்வர் ஆமை மாதிரி நகர்கிறது என்று யாராவது கூப்பிட்டால் நான் முதலில் திறப்பது ரெய்டு கண்ட்ரோலரின், அதாவது பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் கார்டின், அட்வான்ஸ்டு செட்டிங்ஸைத்தான். பல இடங்களில் எனக்கு முன்பே யாரோ அங்கே கைவைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

ஒரு மொத்த வியாபாரக் கடையில் அப்படித்தான். நான்கு ஹார்ட் டிஸ்க், ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பிக்கும் அமைப்பு), அதில் பில்லிங் டேட்டாபேஸ். முன்பு பார்த்துக்கொண்டிருந்தவர் கேஷ் பாலிசியை, அதாவது எழுத வரும் டேட்டாவைக் கார்டின் மெமரி எப்படிக் கையாள வேண்டும் என்ற செட்டிங்கை, 'ஆல்வேஸ் ரைட்-பேக்' என்று மாற்றியிருந்தார், வேகமும் நன்றாகவே இருந்ததாம். யூபிஎஸ் இருக்கிறதே என்ற தைரியம் வேறு. ஒருநாள் சர்வருக்குள் இருந்த பவர் சப்ளையே எரிந்துபோனது, அதற்கு யூபிஎஸ் என்ன செய்யும்? புதுசு போட்டு ஆன் செய்தால் டேட்டாபேஸ் திறக்கவில்லை. பேக்கப் இரண்டு நாள் பழையது. அந்த இரண்டு நாள் பில்லையும் கார்பன் காப்பியைப் பார்த்துக் கையால் ஏற்றினார்கள். கண்ட்ரோலர் லாக்கைப் பார்த்தால், தன் கார்டில் இருக்கும் பேட்டரி செத்துவிட்டது என்று மாதக்கணக்காக அது கத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

நடந்தது இதுதான். ரைட்-த்ரூவில் டேட்டா டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கண்ட்ரோலர் 'எழுதியாச்சு' என்று சொல்லும். ரைட்-பேக்கில் தன் கேஷ் மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டு உடனே 'எழுதியாச்சு' என்று சொல்லிவிட்டு, டிஸ்க்கில் அப்புறம் சாவகாசமாக எழுதும். இடையில் கரண்ட் போனால் அந்தச் சொல்லைக் காப்பாற்றுவது பேட்டரி, புதிய கார்டுகளில் சூப்பர் கெபாசிட்டரும் ஃபிளாஷும். பேட்டரி சரியில்லாவிட்டால் சாதாரண ரைட்-பேக் தானாக ரைட்-த்ரூவுக்கு இறங்கிவிடும். 'ஆல்வேஸ்' இறங்காது, பேட்டரி இல்லாமலும் துணிந்து ஓடும்.

பின் ஏன் அதைப் போடுகிறார்கள்? பழைய பேட்டரிக் கார்டுகள் அவ்வப்போது 'லேர்ன் சைக்கிள்' என்று பேட்டரியை முழுக்க இறக்கி மறுபடி ஏற்றிப் பார்க்கும். அந்த நேரத்தில் ரைட்-த்ரூவுக்குப் போய்விடுவதால் சர்வர் திடீரென்று படுத்துவிடும். ரெய்டு 5-இல் ஒரு சின்ன ரைட்டுக்கே பழைய டேட்டா, பழைய பாரிட்டி (டிஸ்க் போனால் டேட்டாவை மீட்க உதவும் கணக்கு) இரண்டையும் படித்து, புதியவை இரண்டையும் எழுத வேண்டும், ஆக நான்கு வேலை. 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒன்று நொடிக்கு ஏறக்குறைய 75 ரேண்டம் வேலைதான் செய்யும். நான்கு டிஸ்க்குக்கு 300, அதை நான்கால் வகுத்தால் வெறும் 75 ரைட். இதுநாள் வரை கேஷ் மறைத்து வைத்திருந்த ஏழ்மை அன்றைக்கு வெளியே தெரிந்துவிடும். எரிச்சலில் யாரோ 'ஆல்வேஸ்' போட்டுவிடுகிறார்கள், பிறகு யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. ரைட் அதிகம் இருக்கிற இடத்தில் ரெய்டு 10-க்கு (எதையும் இரண்டு டிஸ்க்கில் பிரதியாக வைக்கும் அமைப்பு) மாறுவதே ஒழுங்கான வழி. அங்கே ஒரு ரைட்டுக்கு இரண்டு வேலைதான்.

இன்னொரு பள்ளம் 'டிஸ்க் கேஷ்'. இது டிஸ்க்குக்கு உள்ளேயே இருக்கிற கேஷ், கண்ட்ரோலர் பேட்டரி இதைக் காப்பாற்றாது. ஹார்ட் டிஸ்க் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு டிஸேபிள் செய்துவிடுவேன். எஸ்எஸ்டி கதை வேறு. மெகாரெய்டு என்ற வகை ரெய்டு கார்டுகளில் நல்ல எஸ்எஸ்டிக்கு ரைட்-த்ரூ, நோ ரீட்-அஹெட் (முன்கூட்டியே படித்து வைக்காதே), டைரக்ட் ஐஓ (படிப்பதைக் கேஷில் சேர்த்து வைக்காதே) என்று வைத்தால் பெரும்பாலும் அதுவே வேகம். ரீபில்ட் ரேட், அதாவது மாற்றிய டிஸ்க்கை மறுபடி நிரப்பக் கண்ட்ரோலர் ஒதுக்கும் பங்கு, வழக்கமாக 30 சதவீதத்தில் இருக்கும், வியாபார நேரத்தில் அதை 100-க்கு ஏற்றாதீர்கள்.

உங்கள் சர்வரில் இன்றே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. மெகாரெய்டு கார்டுகளுக்கான மெகாசிஎல்ஐ கருவி 'டிஃபால்ட் கேஷ் பாலிசி' (நாம் வைத்தது), 'கரன்ட் கேஷ் பாலிசி' (இப்போது ஓடுவது) என்று இரண்டு வரி காட்டும். முதல் வரியில் ரைட்-பேக், இரண்டாவதில் ரைட்-த்ரூ என்றிருந்தால் பேட்டரியைப் போய்ப் பாருங்கள். செட்டிங்கை மாற்றாதீர்கள்.

அந்தக் கடையில் புது பேட்டரி போட்டு, சாதாரண ரைட்-பேக்கில் வைத்து, பேட்டரி அலர்ட் முதலாளியின் மெயிலுக்கே போகும்படி செய்துவிட்டு வந்தேன். வேகத்தில் வித்தியாசமே தெரியவில்லை என்றார், அப்படியானால் பழையவர் எதற்கு அதை மாற்றினார் என்றும் கேட்டார்.