மேஜையில் ஓடிய கேமரா சைட்டில் ஏன் நின்றது?

மேஜைமேல் ஒரு ராஸ்பெர்ரி பை போர்டு (உள்ளங்கை அளவுள்ள குட்டிக் கணினி), பக்கத்தில் டிஎஸ்எல்ஆர் கேமரா, நடுவே ஒரு யூஎஸ்பி ஒயர். ஜிபோட்டோ2 என்ற இலவச மென்பொருளை ஏற்றி ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் 'க்ளிக்' என்று ஷட்டர் விழும். அந்தச் சத்தம் கேட்ட சந்தோஷத்திலேயே வேலையை ஒப்புக்கொள்கிறவர்கள் உண்டு. நானும் அப்படி ஒப்புக்கொண்டவன்தான். கட்டட வேலை நடக்கும் இடங்களில் டைம்லேப்ஸ் கேமரா, அதாவது குறிப்பிட்ட இடைவெளியில் தானாகப் படமெடுத்து, மாதக்கணக்கான வேலையைச் சில நிமிட வீடியோவாகக் காட்ட உதவும் கேமரா, பொருத்தித் தருவது என் தொழில்.

இரண்டாவது வேலையிலேயே அடி விழுந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம். கோப்பின் பெயராகத் தேதி, மணி, நிமிடம். ஒருநாள் சைட்டில் கரண்ட் போய் மதியம்தான் வந்தது. நேரில் போய் லேப்டாப்பை இணைத்து, படமெடுக்கும் கட்டளைகளை எழுதி வைத்திருந்த ஸ்கிரிப்டை மறுபடி ஓட விட்டேன். முதல் படம் விழும்வரைகூட நிற்கவில்லை, கிளம்பிவிட்டேன். மூன்று நாள் கழித்துப் போனால் ஒரு படம்கூட இல்லை. திரையில் ஒரே ஒரு வரி: இந்தக் கோப்பு ஏற்கனவே இருக்கிறது, மேலெழுதவா, ஒய் அல்லது என்?

நடந்தது இதுதான். அந்தப் போர்டில் பேட்டரியோடு கூடிய கடிகாரம் கிடையாது. இணையம் இருந்தால் அங்கிருந்து நேரத்தை வாங்கிக்கொள்ளும். அந்த சைட்டில் இணையம் இல்லை. கரண்ட் வந்ததும் கடைசியாகச் சேமித்து வைத்திருந்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கிவிட்டது. காலையில் எடுத்த படத்தின் பெயரே மறுபடி வந்தது. ஜிபோட்டோ2 மரியாதையாகக் கேள்வி கேட்டுவிட்டு, பதிலுக்காக மூன்று நாள் காத்திருந்தது. அதற்குள் சென்ட்ரிங் அடித்து கான்கிரீட்டும் போட்டு முடித்துவிட்டார்கள். எனக்காகத் திரும்பவும் போடுவார்களா என்ன?

இப்போதெல்லாம் டிஎஸ்3231 கடிகார மாட்யூல் இல்லாமல் ஒரு பெட்டியும் என் பட்டறையை விட்டுப் போகாது. ராஸ்பெர்ரி பை 5 போர்டில் கடிகாரம் உள்ளேயே இருக்கிறது, ஆனால் அதற்கான பேட்டரியைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். கோப்பின் பெயரில் ஒரு வரிசை எண்ணையும் சேர்க்கிறேன்.

கேமரா வாங்கும் முன் ஒன்றைப் பாருங்கள். கேமராவும் கணினியும் யூஎஸ்பி வழியாகப் பேசிக்கொள்ளும் பொதுமொழி பிடிபி. அது தெரிந்த கேமரா எல்லாம் கணினி சொன்னபடி படம் எடுக்கும் என்று நினைக்காதீர்கள். பல சின்ன கேமராக்கள் எடுத்த படத்தைக் கொடுக்கும், அவ்வளவுதான். ஷட்டரைத் தொட விடாது. ஜிபோட்டோவின் ஆதரவுப் பட்டியலில் உங்கள் மாடலுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். ஒயரும் அப்படித்தான். சார்ஜ் மட்டும் ஏற்றும் ஒயரை மாட்டிவிட்டு அரைநாள் மென்பொருளைத் திட்டியவர்களை எனக்குத் தெரியும்.

'யூஎஸ்பி சாதனத்தைக் கைப்பற்ற முடியவில்லை' என்ற பிழை வந்தால் பெரும்பாலும் குற்றவாளி போர்டில் ஓடும் டெஸ்க்டாப் மென்பொருள்தான். கேமராவைச் செருகியதும் படங்களைக் காட்டுகிறேன் என்று அது முந்திக்கொண்டு பிடித்துக்கொள்ளும். ராஸ்பெர்ரி பை இயங்குதளத்தின் டெஸ்க்டாப் இல்லாத லைட் பதிப்பைப் போட்டால் தீர்ந்தது.

அப்புறம், எடுத்த படம் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் கேப்சர் டார்கெட் என்ற அமைப்பு. கேனான் கேமராக்களில் அது உள் நினைவகம் என்று இருந்தால், எடுத்த படம் மெமரி கார்டுக்குப் போகாது. ஒயர் வழியாக இறங்கும்போது தடங்கல் வந்தால் படம் காலி. கார்டு என்று மாற்றி, இறக்கிய பிறகும் கார்டிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். லென்ஸை மேனுவல் ஃபோகஸில் போடுங்கள். இருட்டில் ஃபோகஸ் கிடைக்காவிட்டால் கேமரா படமே எடுக்காமல் பிழை காட்டும். ஆட்டோ பவர் ஆஃபையும் அணைத்துவிடுங்கள்.

மின்சாரம்தான் பெரிய தலைவலி. நான் வைத்திருக்கும் கேனான் 1300டி போன்ற கேமரா யூஎஸ்பியிலிருந்து மின்சாரம் எடுக்காது, 7.4 வோல்ட் பேட்டரிக்குப் பதிலாக டம்மி பேட்டரி (அதே வடிவில், ஒயர் வழியாக மின்சாரம் கொடுக்கும் கட்டை) போட வேண்டும். கையில் 12 வோல்ட் அடாப்டர் இருக்கிறதே என்று நேராகக் கொடுத்துவிடாதீர்கள், கேமரா போய்விடும். போர்டுக்கு வரும் ஒயர் மெல்லியதாக, நீளமாக இருந்தாலும் வம்பு. 5 வோல்ட் சுமார் 4.63-க்குக் கீழே இறங்கினால் போர்டு அதைக் குறித்துக்கொண்டு திரையில் ஒரு மின்னல் குறி காட்டும். ஆனால் மானிட்டர் இல்லாத பெட்டியில் அந்த மின்னல் குறியை யார் பார்ப்பது? அதனால் ஸ்கிரிப்டே மணிக்கு ஒருமுறை அந்த நிலையைக் கேட்டுப் பதிவேட்டில் எழுதிவிடும்.

சில நாளில் கேமரா அப்படியே உறைந்துபோகும். யூஎஸ்பி போர்ட்டை அணைத்துப் போட்டாலும் கேமரா அசையாது. அதற்குத் தனி மின்சாரம் அல்லவா? ஆகவே டம்மி பேட்டரிக்குப் போகும் ஒயரில் ஒரு ரிலே, அதாவது போர்டு சொன்னபடி இயங்கும் சுவிட்ச், வைத்திருக்கிறேன். தொடர்ந்து மூன்று முறை படம் விழாவிட்டால் ரிலே பத்து நொடி மின்சாரத்தை வெட்டிவிட்டுத் திரும்பக் கொடுக்கும். கேமராவின் சுவிட்ச் ஆனிலேயே இருப்பதால் தானாக எழுந்துகொள்ளும்.

கிளையண்ட் 'நிமிடத்துக்கு ஒரு படம், இரவு பகலாக' என்று கேட்டால் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒரு நாளைக்கு 1,440 படம். 70 நாளில் லட்சத்தைத் தாண்டும். ஷட்டர் தேயும் பொருள், அதன் விலையை மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுவது நல்லது.

பெட்டிக்கு வெளியே ஒரு பச்சை விளக்கும் உண்டு. படம் விழுந்து கோப்பும் இறங்கினால்தான் மினுக்கும். மாலைவரை அது மினுக்கவில்லை என்றால் போன் பண்ணுங்கள் என்று வாட்ச்மேன் அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இதுவரை இரண்டு முறை அழைத்தார். ஒருமுறை ஒயர் கழன்றிருந்தது. இன்னொரு முறை விளக்கு மினுக்கத்தான் செய்தது. பெட்டியின் கண்ணாடி முழுக்கச் சிமெண்ட் தூசி, படம் தெரியுமா என்று கேட்பதற்காகக் கூப்பிட்டாராம்.