பேரரசரின் மூக்கு ஏன் சிவக்கிறது?

ரோமானிய வெள்ளிக்காசு ஒன்றில் பேரரசரின் மூக்கும் கன்னமும் மட்டும் செம்பு நிறமாகத் தெரிகிறதே, அது போலியா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். போலியாக இருக்க வேண்டியதில்லை. காசு அடிக்கும் அரசின் அக்கசாலையே அப்படித்தான் செய்தது.

முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்துத் தெனாரியஸ் என்ற வெள்ளிக்காசில் சுமார் 98 சதவீதம் வெள்ளி. கி.பி. 64-இல் நீரோ அதை 80 சதவீதத்துக்கு இறக்கினார், எடையையும் குறைத்தார். பின்னர் வந்த பேரரசர் செவரஸ் காலத்தில் பாதிதான் வெள்ளி. படைவீரனுக்குச் சம்பளம் இந்தக் காசு. அதில் அரசரின் முகம் செம்பு நிறத்தில் தெரிந்தால் அந்த முகத்துக்கே மதிப்பில்லை.

அதனால் முகத்தை வெளுத்தார்கள். வெள்ளியும் செம்பும் கலந்து வார்த்த வில்லையைக் காற்றுப்பட நன்றாகச் சூடாக்க வேண்டும். ஆனால் 779 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது, தாண்டினால் கலவை உருகத் தொடங்கிவிடும். சூட்டில் மேற்பரப்புச் செம்பு மட்டும் ஆக்சிஜனோடு சேர்ந்து கறுக்கும், வெள்ளி அப்படியே இருக்கும். பிறகு வில்லையைப் புளிக்காடி போன்ற அமிலத்தில் போட்டால் கறுப்பு கரைந்துபோகும். செம்பு இருந்த இடமெல்லாம் நுண்துளையாகி, கடற்பஞ்சு போன்ற வெள்ளித் தோல் மிஞ்சும். அப்போது அது பளபளக்காது, சுண்ணாம்பு பூசியதுபோல மங்கலாக இருக்கும். இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடிக்கும்போது துளைகள் மூடுகின்றன. அரசரின் உருவமும் வெள்ளியின் மினுக்கும் ஒரே அடியில் பிறக்கின்றன! முலாம் எதுவும் பூசவில்லை, காசின் சொந்த வெள்ளிதான் அது.

தோலின் தடிமன் மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். கைமாறக் கைமாற மேடான இடம் முதலில் தேயும். மேடு என்றால் மூக்கும் கன்னமும்தானே.

இந்தத் தோல் ஆய்வாளர்களையும் ஏமாற்றியிருக்கிறது. மேற்பரப்பை மட்டும் எக்ஸ்ரேயால் அளந்தால் வெள்ளி கூடுதலாகக் காட்டும். நீரோவின் காசில் 93 சதவீதம் என்றே வெகுகாலம் எழுதினார்கள். புட்சர், பாண்டிங் என்ற இரு ஆய்வாளர்கள் காசின் விளிம்பில் நுண்துளையிட்டு உள்ளிருந்து எடுத்த தூளைச் சோதித்த பிறகே 80 என்று தெரிந்தது. ஒரு துளைக்குத் தயங்கும் அருங்காட்சியகங்கள் இதை யோசிக்க வேண்டும்.

கையில் இப்படி ஒரு காசு இருந்தால் தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். மிஞ்சியிருக்கும் தோலும் போய்விடும்.

தமிழகத்தில் கிடைக்கும் ரோமானிய வெள்ளிக்காசுகளில் மிகப் பெரும்பான்மை அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. நீரோ கலப்படம் செய்த பிறகு வந்தவை மிக அரிது. மிளகு விற்றவர்கள் அரசரின் முகத்தைவிட உள்ளிருக்கும் வெள்ளியைத்தான் பார்த்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.