லெமன் கர்ட் ஊறுகாயும் இல்லை, ஜாமும் இல்லை

போன மாதம் வகுப்புக்கு வந்த ஒருவர் பையிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். வீட்டில் செய்த லெமன் கர்ட், எலுமிச்சைச் சாறில் கிண்டும் ஒரு கெட்டியான இனிப்பு. மூடிக்குத் துணி கட்டி, சணல் கயிறு சுற்றி, கையெழுத்தில் பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தார். "திறந்து பாருங்க மேடம்" என்றார். மூடியின் நடுப்பகுதி லேசாக உப்பியிருந்தது. அதனால் முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டுதான் திருகினேன். சோடா பாட்டில் திறந்த மாதிரி 'புஸ்' என்றது. மேலே ஊசிமுனை அளவுக்குச் சின்னச் சின்னக் குமிழ்கள். கள் வாசனை.

"எங்கே வெச்சிருந்தீங்க?"

"கிச்சன் ஷெல்ஃப்லதான் மேடம். பத்து நாள் ஆச்சு. இதுல சர்க்கரை இருக்கு, எலுமிச்சையும் இருக்கு. எலுமிச்சை ஊறுகாய் வருஷக்கணக்கா கெடாம இருக்கே?"

உணவுத் தொழில்நுட்பம் படித்து, பழக்கூழ் ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்துவிட்டு, இப்போது கோவையில் வீட்டு பேக்கர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். இந்தக் கேள்வியை ஏதோ ஒரு வடிவத்தில் எல்லா பேட்ச்சிலும் யாராவது கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நம் வீடுகளில் புளிப்பு என்றால் கெடாது, தித்திப்பு என்றால் கெடாது என்று பாட்டி காலத்திலிருந்து ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ஊறுகாய்க்கு அது சரி. அங்கே உப்பு இருக்கிறது, எண்ணெய் மேலே நிற்கிறது. ஜாமுக்கும் சரி. நம் நாட்டு விதிப்படி ஜாமில் கரைந்த திடப்பொருள், பெரும்பாலும் சர்க்கரை, 65 சதவீதமாவது இருக்க வேண்டும். அவ்வளவு சர்க்கரை தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்வதால் நுண்ணுயிர்கள் வளர ஈரம் கிடைப்பதில்லை.

கர்ட் வேறு சாதி. பெயரைக் கேட்டு ஒருவர் "எவ்வளவு உறை ஊத்தணும்?" என்றுகூடக் கேட்டிருக்கிறார். தயிருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பழச்சாறு, சர்க்கரை, முட்டை, வெண்ணெய் நான்கையும் மெல்லிய சூட்டில் கிண்டிக் கெட்டியாக்குவது. இங்கிலாந்துக்காரர்களின் பண்டம், அங்கே சில ஊர்களில் இதை லெமன் சீஸ் என்றும் சொல்வார்கள். நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் அளவு இது: எலுமிச்சைச் சாறு 100 மில்லி, சர்க்கரை 150 கிராம், முழு முட்டை இரண்டு, கூடுதலாக மஞ்சள் கரு இரண்டு, உப்பில்லாத வெண்ணெய் 80 கிராம். மொத்தம் ஏறக்குறைய 460 கிராம். அதில் சர்க்கரை மூன்றில் ஒரு பங்குதான். மீதியில் முட்டையும் வெண்ணெயும் சாறுமாக நிறையத் தண்ணீர் இருக்கிறது. பாட்டில் ஜாம் பாட்டில் மாதிரி இருக்கலாம். உள்ளே இருப்பது முட்டை கஸ்டர்டின் புளிப்புத் தங்கை.

"அப்போ கடையில விக்கிற கர்ட் மட்டும் எப்படி மாசக்கணக்கா வெளியே இருக்கு?" அடுத்த கேள்வி இதுதான். பிரிட்டனின் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கர்ட் என்று பெயர் போட ஒரு கிலோவில் குறைந்தது 40 கிராம் கொழுப்பும் 6.5 கிராம் மஞ்சள் கருவின் திடப்பொருளும் இருந்தால் போதும். ஒரு மஞ்சள் கருவில் பாதி தண்ணீர், மீதி எட்டு, எட்டரை கிராம் திடப்பொருள். அதாவது ஒரு கிலோவுக்கு ஒரு மஞ்சள் கருகூட முழுதாக வேண்டாம். நம் செய்முறையிலோ அரைக் கிலோவுக்குள் நான்கு. கடைப் பாட்டிலில் சர்க்கரை அதிகம், கெட்டிப்படுத்த மாவுப்பொருளோ பெக்டினோ இருக்கும், ஆலையில் அளந்து சூடாக்கி அடைத்திருப்பார்கள். வீட்டில் செய்வதுதான் ருசி, சந்தேகமே இல்லை. அந்த ருசிக்குக் காரணமான முட்டையும் வெண்ணெயும்தான் அதை ஃப்ரிட்ஜுக்குள் வைக்கச் சொல்கின்றன.

செய்யும்போது கவனிக்க வேண்டியதில் முக்கியமானது சூடு. முட்டையில் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்க வாய்ப்புண்டு. நம் ஊரில் முட்டை கடை வாசலில் வெயிலோடு அட்டையில் அடுக்கியிருக்கும். ஓட்டில் எச்சம் ஒட்டியிருந்தாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. 71 டிகிரி செல்சியஸ் தொட்டால் அந்தக் கவலை தீர்ந்தது. கர்ட் நன்றாகக் கெட்டிப்பட 76, 77 வரை போக வேண்டும். 85-ஐ நெருங்கினால் முட்டைப் பொரியல்தான். இடைவெளி பத்து டிகிரிகூட இல்லை. கரண்டியின் பின்புறம் பூசி, விரலால் கோடு போட்டால் கோடு நிற்க வேண்டும் என்பது பழைய சோதனை. கை பழகியவர்களுக்குச் சரிவரும். புதிதாகச் செய்கிறவர்கள் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கிவிடுங்கள். கேக் டர்ன்டேபிளுக்குச் செலவழிக்கிற காசில் இது கால்வாசி ஆகாது.

பாத்திரம் எவர்சில்வர்தான். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். படித்து முடித்த புதிதில், அம்மாவின் அலுமினியச் சட்டியில் செய்தேன். நிறம் வெளிறிப் பாசி படிந்த மாதிரி ஆனது, வாயில் வைத்தால் சாவியை நக்கிய ருசி. அரை டஜன் முட்டை வீண். உணவுத் தொழில்நுட்பப் பட்டம் சுவரில் மாட்டியிருந்தது, அமிலமும் அலுமினியமும் சேரக்கூடாது என்று தேர்விலும் எழுதியிருந்தேன்!

சட்டியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் வைத்து மெல்லக் கொதிக்கவிட்டு, அதன்மேல் எவர்சில்வர் கிண்ணத்தை வையுங்கள். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக்கூடாது. முட்டையின் மேல் சர்க்கரையைக் கொட்டிவிட்டு போன் பேசப் போகாதீர்கள். சர்க்கரை மஞ்சள் கருவின் ஈரத்தை உறிஞ்சி, அங்கங்கே கட்டி தட்டிவிடும், அப்புறம் எவ்வளவு அடித்தாலும் கரையாது. கொட்டிய கையோடு அடித்துவிட வேண்டும். பிறகு சாறு. 77 டிகிரி வந்ததும் இறக்கி, வடிகட்டியில் ஊற்றுங்கள். முட்டையின் வெள்ளை நூல் அதில் நின்றுவிடும். வெண்ணெயைத் துண்டு துண்டாகக் கடைசியில் போட்டுக் கலக்குவது. வீட்டில் கடைந்த வெண்ணெய் வாசனையாக இருக்கும், ஆனால் அதில் மோர் தங்கியிருக்கும். கர்ட் சீக்கிரம் கெட அதுவே போதும். கடையில் வாங்கிய உப்பில்லாத வெண்ணெயே நல்லது.

எலுமிச்சையை விட எனக்குப் பயம் மாம்பழம்தான். சீசன் வந்தால் மேங்கோ கர்ட் என்று எல்லோரும் இறங்கிவிடுகிறார்கள். புளிப்பை அளக்கும் எண் பிஎச், அது குறையக் குறையப் புளிப்பு அதிகம். எலுமிச்சைச் சாறின் பிஎச் 2-ஐ ஒட்டி இருக்கும். அவ்வளவு புளிப்பில் பெரும்பாலான பாக்டீரியாக்கள் பெருகாது. அந்தப் பாட்டிலைக் கெடுத்தது ஈஸ்ட். அசிங்கம்தான், ஆனால் உப்பலும் வாசனையும் காட்டிக்கொடுத்துவிடும். நன்றாகப் பழுத்த மாம்பழத்தின் பிஎச் 5-ஐக்கூடத் தாண்டலாம். 4.6-க்கு மேலே போனால், காற்றுப் புகாமல் அடைத்த பாட்டிலில் பாட்டுலிசம் என்ற உயிருக்கே ஆபத்தான உணவு நஞ்சாதலை உண்டாக்கும் நச்சைச் சுரக்கும் கிருமி வளர முடியும். அது வளர்ந்ததை வாசனையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் சூடாக ஊற்றி, பாட்டிலைக் கவிழ்த்து வைத்து, மூடி 'டக்' என்று உள்ளே இழுத்துக்கொண்டதும் "சீல் ஆயிடுச்சு, இனி வெளியே வைக்கலாம்" என்று சொல்கிற வீடியோக்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மூடி உள்வாங்கினால் காற்று வெளியேறிவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம். இந்தக் கிருமிக்குக் காற்று இல்லாத இடம்தான் பிடிக்கும்.

மாம்பழத்தில் செய்ய ஆசையென்றால் செய்யுங்கள். கூழுக்குத் தாராளமாக எலுமிச்சைச் சாறு சேர்த்து, சின்ன பாட்டிலில் ஃப்ரிட்ஜில் வைத்து, நாலைந்து நாளில் தீர்த்துவிடுங்கள். நம் பக்கத்தில் கர்டுக்கென்றே பிறந்த பழம் எது என்று கேட்டால் கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் கிடைக்கும் தாட்பூட் பழம் (பேஷன் ஃப்ரூட்) என்பேன், இலங்கையில் கொடித்தோடை என்பார்கள். புளிப்பும் மணமும் தானாகவே இருக்கிறது. கமலா ஆரஞ்சில் செய்தால் மந்தமாக வரும், பாதிக்குப் பாதி எலுமிச்சை கலந்தால்தான் எடுபடும்.

முட்டை இல்லாமல் கார்ன்ஃப்ளோர் போட்டுச் செய்வதை வெளியே வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். அதுவும் ஃப்ரிட்ஜில்தான். முட்டையும் கார்ன்ஃப்ளோரும் சேர்த்துச் செய்து, மறுநாள் தண்ணீராக இளகிப்போனால் மாவைத் திட்டாதீர்கள். மஞ்சள் கருவில் மாவை உடைக்கும் ஒரு நொதி உண்டு. மாவு போட்டால் மட்டும் குமிழி வரும்வரை கொதிக்கவிட வேண்டும். மாவு கூட இருப்பதால் முட்டை திரியாது.

பாட்டிலைக் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு, துடைக்காமல் தலைகீழாக வைத்து உலரவிடுங்கள். செய்த கர்டை ஐஸ் தண்ணீரில் கிண்ணத்தோடு வைத்து ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் கொண்டுபோய்விட வேண்டும். ஃப்ரிட்ஜில் நான்கு வாரம் வரை வைக்கலாம் என்று அமெரிக்காவில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் வீட்டுப் பதப்படுத்தல் மையம் எலுமிச்சை கர்டுக்குச் சொல்கிறது. அங்கே கரண்ட் போகாது, கதவை நம் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி நிமிடத்துக்கு ஒரு தடவை திறக்க மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டால் சரி. என் கணக்கு பத்து நாள். விற்கிறவர்கள் தேதியையும் 'ஃப்ரிட்ஜில் வைக்கவும்' என்பதையும் பெயர்ச்சீட்டில் பெரிதாக எழுதுங்கள். வீட்டிலிருந்து விற்றாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ எனும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு வேண்டும்.

அன்றைக்கு அந்தப் பாட்டிலை அப்படியே பைக்குள் கட்டிக் குப்பையில் போட்டோம். அவர் முகம் வாடிவிட்டது. தீபாவளி கிஃப்ட் ஆர்டருக்கு இன்னும் இருபது பாட்டில் செய்ய வேண்டுமாம், கடைசி நேரத்தில் கை ஓடாது என்றார். ஃப்ரீசரில் வைக்கச் சொன்னேன். சர்க்கரையும் கொழுப்பும் இருப்பதால் கல் மாதிரி உறையாது. ஒரு வருடம்கூடத் தாங்கும். கொடுப்பதற்கு முந்தின நாள் ராத்திரி கீழ்த்தட்டுக்கு மாற்றினால் போதும். போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தார். ஃப்ரீசர் முழுக்க மஞ்சள் டப்பாக்கள், ஓரத்தில் ஒரே ஒரு ஐஸ் டிரே. வீட்டுக்காரர் ஐஸ்க்ரீம் வைக்க இடமில்லை என்று சண்டை போடுகிறாராம்.