அத்தனை கணினியும் ஒரே ரகமா?

1845-இல் அயர்லாந்து ஏழைகளின் வயலில் நின்றது பெரும்பாலும் 'லம்பர்' என்ற ஒரே உருளைக்கிழங்கு ரகம். கிழங்கையே வெட்டி நடுவதால் செடிகள் எல்லாம் ஒன்றுக்கொன்று மரபணு நகல்கள். ஒன்றைத் தாக்கிய கருகல் நோய்க்கு மற்றவற்றிலும் தடையே இருக்கவில்லை. பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள்.

2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளுக்குப் போன ஒரு சிறு கோப்பும் இப்படித்தான் பரவியது. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றும், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றுவிட்டன. மேக்கும் லினக்ஸும் தப்பின.

தாக்குதலைக் கண்டறியும் புதிய விதி வகை 21 உள்ளீடுகளைக் கேட்டது. ஒவ்வொரு கணினியிலும் ஓடும் கிரவுட்ஸ்ட்ரைக்கின் சென்சார் நிரல் கொடுத்தது 20. அதுவரை 21-ஆவது இடத்தில் 'எதுவானாலும் சரி' என்ற குறியே இருந்ததால் பிழை மாதக்கணக்கில் தூங்கியது. அன்று அங்கே உண்மையான நிபந்தனை வந்ததும், எல்லை தாண்டி நினைவகத்தைப் படிக்கப் போய் விண்டோஸின் மையமான கெர்னலே சரிந்தது. உயிர்களிலும் இப்படி மறைந்திருக்கும் மரபு மாற்றங்கள் உண்டு. சூழல் மாறினால்தான் வெளிப்படும். 'இத்தனை நாள் ஓடியதே' என்பதைச் சோதனை என்று சொல்லாதீர்கள்.

பல நிறுவனங்கள் ஒரு பதிப்பு பின்தங்கியே இருக்கும்படி அமைத்திருந்தன. அது சென்சார் பதிப்புக்கு மட்டும்தான் செல்லுபடியானது. விதிகளைச் சுமந்து வந்த உள்ளடக்கக் கோப்பு அதைச் சட்டை செய்யாமல் உள்ளே போனது. உங்கள் விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: விதிக் கோப்புகளும், வைரஸை அடையாளம் காட்டும் கையொப்பக் கோப்புகளும் படிப்படியாகத்தான் வருமா?

முதல் படிக்கு 1 சதவீதக் கணினிகள் போதும். ஆனால் அவை ஐடி துறையின் மடிக்கணினிகளாக மட்டும் இருந்தால் பயனில்லை. பில்லிங் கவுன்டர், பழைய சர்வர், கிளை அலுவலகம் என ஒவ்வொரு வகையிலும் ஒன்றாவது வேண்டும். மறுதொடக்கம் செய்து பார்த்த பிறகே 10 சதவீதத்துக்குப் போங்கள். வைரஸ் விதிகளை ஒரு நாள் நிறுத்தி வைக்க முடியாதுதான். ஒரு மணி நேரம் நிறுத்தியிருந்தாலே ஜூலை 19 கோளாறு முதல் படியிலேயே பிடிபட்டிருக்கும்.

அன்று பெரும்பாலும் ஒவ்வொரு கணினியையும் சேஃப் மோடில் திறந்து, சி-00000291 என்று தொடங்கும் கோப்பைக் கையால் நீக்க வேண்டியிருந்தது. வட்டை மறையாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் போட்ட கணினிக்கு 48 இலக்க மீட்புச் சாவியும் தேவை. சாவி இருக்கும் சர்வரும் அதே மென்பொருளை ஓட்டினால் அதுவும் சேர்ந்தே விழும். சாவியின் நகலை வேறிடத்தில் வையுங்கள்.

இதற்காக எல்லாவற்றையும் இரண்டிரண்டாக வாங்கச் சொல்லவில்லை. குளிர்நாட்டு அசுவினிகள் பல கோடை முழுக்க ஆணில்லாமலே நகல்களை ஈனும். வேகமும் மலிவும் அதில்தான். குளிர்காலம் நெருங்கும்போதுதான் ஆணும் பெண்ணும் கூடி முட்டையிடும். ஊழியர் கணினிகள் ஒரே மாதிரி இருந்துவிட்டுப் போகட்டும். உள்நுழைவு சர்வர், டிஎன்எஸ் (பெயரை முகவரியாக்கும் சேவை), பேக்கப் மூன்றிலும் மட்டும் வேறுபாட்டுக்குச் செலவு செய்யுங்கள். ஒரே பாதுகாப்பு ஏஜென்ட், ஒரே அப்டேட் நேரம் என்று ஓடும் இரண்டு டொமைன் கன்ட்ரோலர்களை (உள்நுழைவு சர்வர்களை)க் கணக்கில் ஒன்றாகவே எழுதுங்கள்.