கார்ட் ஒன்று, உள்ளே மூன்று பட்டறை

நல்லூரில் ஒரு கலியாண வீடு. இரண்டு கமரா, ஐந்து மணித்தியாலப் பதிவு, எல்லாம் 4கே. ஸ்ரூடியோவில் கோப்புகளை வீடியோ திருத்தும் மென்பொருளான பிரீமியர் புரோவின் ரைம்லைனில் போட்டால், தாலி கட்டும் இடம் விக்கி விக்கி ஓடுகிறது. டாஸ்க் மனேஜரைத் திறந்தால் கணினியின் மூளையான சிபியூ 100 வீதத்தில் திணறுகிறது, புதிதாகப் போட்ட கிராஃபிக்ஸ் கார்ட்டோ 8 வீதத்தில் சும்மா கிடக்கிறது. கார்ட்டில் பழுதில்லை. அதற்கு இந்த வேலை தெரியாது.

கிராஃபிக்ஸ் கார்ட்டை ஒரே இயந்திரமாக நினைப்பதுதான் குழப்பத்தின் தொடக்கம். உள்ளே மூன்று பட்டறைகள் உண்டு. கமரா சுருக்கித் தந்த கோப்பை விரிப்பது டிகோடர். நிறம் திருத்துவது, அளவு மாற்றுவது, மங்கலாக்குவது எல்லாம் கணிப்புக் கோர்களின் வேலை. முடிந்த படத்தைத் திரும்பச் சுருக்குவது என்கோடர். விளையாட்டுக்குக் கார்ட் வாங்குபவர் நடுப் பட்டறையை மட்டும் பார்த்தால் போதும். வீடியோ திருத்துபவருக்கு முதலாவதுதான் பெரும்பாலும் காலை வாரும்.

ஏனென்றால் டிகோடர் சிலிக்கனிலேயே செதுக்கிய சுற்று. அது அறியாத கோப்பு வகையை எந்த டிரைவர் மென்பொருளாலும் பிறகு படிப்பிக்க முடியாது. சோனி ஏ7 IV, கனன் ஆர்6 போன்ற கமராக்கள் 10-பிட் 4:2:2 முறையில் பதியும் வசதியுள்ளவை. வழமையான 4:2:0 இல் நான்கு புள்ளிகளுக்கு ஒரு நிறத் தகவல், 4:2:2 இல் இரண்டு புள்ளிகளுக்கு ஒன்று. கூறைச் சேலையின் சிவப்பைப் பின்னால் திருத்த இது நல்லது. ஆனால் கார்ட் தயாரிப்பாளரான என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 20, 30, 40 வரிசைகளின் டிகோடர்களுக்கு 4:2:2 புரியாது. 2025 இல் வந்த 50 வரிசைக்குத்தான் புரியும். அதனால் அந்தச் சுமை முழுக்க சிபியூவின் தலையில் விழுகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 11ஆம் தலைமுறை முதல் இன்டெல் டெஸ்க்டொப் சிபியூக்களுக்குள் இருக்கும் சின்னக் கிராஃபிக்ஸ், எச்.265 என்ற சுருக்க முறையின் 10-பிட் 4:2:2 ஐச் சுலபமாக விரித்துவிடும். எச்.264 இன் 4:2:2 என்றால் அதுவும் பெரும்பாலும் கைவிரிக்கும். ஆகவே கமராவில் எந்தச் சுருக்க முறையைத் தெரிவுசெய்கிறோம் என்பதும் முக்கியம். கடையில் ஐ5-12400எஃப் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும். கடைசியில் உள்ள அந்த 'எஃப்' எழுத்துக்கு அர்த்தம், உட்கிராஃபிக்ஸ் கிடையாது என்பதே. மிச்சம் பிடித்த காசு இங்கே போய்விடும். 'எஃப்' இல்லாத சிபியூ வைத்திருப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தனிக் கார்ட் ஏறியதும் பல மதர்போட்கள் உட்கிராஃபிக்ஸை நிறுத்திவிடும். பயோஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புப் பக்கம்) 'மல்டி மொனிட்டர்' என்ற தெரிவை இயக்கி, விண்டோஸில் இன்டெல் டிரைவரையும் போட்டு, பிரீமியரின் பிரிஃபரன்ஸஸ், மீடியா பகுதியில் ஹார்ட்வெயர் டிகோடிங்கை இயக்கி மென்பொருளை ஒருமுறை மூடித் திறக்க வேண்டும்.

நடுப் பட்டறைக்கு நினைவகம் தேவை. ஒரு 4கே சட்டத்தில், அதாவது வீடியோவின் ஒரு தனிப் படத்தில், 82,94,400 புள்ளிகள். ஒவ்வொன்றும் 32-பிட் துல்லியத்தில் நான்கு தடங்களாக வைக்கப்பட்டால் 16 பைட். பெருக்கிப் பாருங்கள்: ஒரு சட்டத்துக்கே ஏறக்குறைய 133 எம்பி. அடுக்குகள், எஃபெக்ட்கள், முன்பின் சட்டங்கள் சேரும்போது 4 ஜிபி கார்ட் ஏன் மூச்சுவாங்குகிறது என்பது விளங்கும். 4கே வேலைக்கு 8 ஜிபிக்குக் குறைந்து போகாதீர்கள்.

என்கோடர் பற்றி ஒரே எச்சரிக்கை: ஜிடி 1030, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி ஆகிய கார்ட்களில் அந்தப் பட்டறையே இல்லை. அவற்றை நம்பி முடிந்த வீடியோவை எக்ஸ்போட் பண்ணினால், கலியாண வீடியோவுக்காக ரொறொன்ரோவில் மாமி காத்துக்கொண்டே இருப்பார்.

வெளிநாட்டு அலுவலகங்களில் கழித்த பிராண்டட் பெட்டிகளில் கார்ட் ஏற்றுபவர்கள் முதலில் பவர் சப்ளையின் லேபிளைப் பாருங்கள். பல பெட்டிகளில் 300 வாட்கூட இராது. மதர்போட்டின் சொருகி 75 வாட் மட்டுமே தரும். ஆர்டிஎக்ஸ் 3060 க்கு 170 வாட் வேண்டும், அதற்கு 550 வாட் பவர் சப்ளை பரிந்துரைக்கப்படுகிறது. ஹார்ட் டிஸ்க்குக்கு மின் கொடுக்கும் சாட்டா வயரை, கார்ட்டுக்கு மின் கொடுக்கும் 8-பின்னாக மாற்றும் இணைப்பு மலிவாக விற்கும், வாங்காதீர்கள். சாட்டா இணைப்பின் 12 வோல்ட் பக்கம் தாங்குவது 54 வாட். 8-பின் கேட்கக்கூடியது 150. முதலில் பிளாஸ்ரிக் உருகும்.

இனி டிரைவர். மென்பொருள் கேட்பதைக் கார்ட்டுக்கு மொழிபெயர்த்துச் சொல்வது அதுதான். 2010 இல் பிரீமியர் சிஎஸ்5 வந்தபோது, அனுமதித்த கார்ட்களின் பெயர்கள் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் இருந்தன. தங்கள் கார்ட்டின் பெயரை நோட்பாட்டில் தட்டிச் சேர்த்தே பலர் வேகம் கண்டார்கள். இப்போது அந்தப் பட்டியல் இல்லை, பதிலாகப் பிரீமியர் டிரைவர் பதிப்பைப் பார்க்கிறது. பழையதென்றால் வேகமூட்டல் கிடைக்காமல் போகலாம், அல்லது எக்ஸ்போட் நடுவில் நின்றுவிடும். ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்கு 580 தான் என்விடியாவின் கடைசி டிரைவர் வரிசை, அதன்பின் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே. இவற்றை இன்று செக்கன்ட் ஹான்ட்டில் வாங்குபவர் இதை விலையில் கழித்துக் கேட்கலாம்.

என்விடியா தளத்தில் 'கேம் ரெடி', 'ஸ்ரூடியோ' என இரண்டு இருக்கும். ஸ்ரூடியோவை எடுங்கள். வேகம் அதிகரிக்காது, ஆனால் திருத்தும் மென்பொருள்களோடு சோதித்து வெளிவருவது அது. பழையது குழம்பியிருந்தால் புதியதை முதலில் இறக்கி வைத்துவிட்டு, இணைய வயரைக் கழற்றுங்கள். கழற்றாவிட்டால் விண்டோஸ் தன் பாட்டில் வேறொன்றைப் போட்டுவிடும். சேஃப் மோடில் டிடியூ என்ற சிறு மென்பொருளால் பழையதைத் துடைத்து, மறுபடி இயக்கிப் புதியதைப் போடுங்கள்.

திரை ஒரு கணம் கறுத்துத் திரும்பினால், கார்ட் 2 செக்கன் பதில் சொல்லாததால் விண்டோஸ் டிரைவரை மீள இயக்கியிருக்கிறது என்று அர்த்தம். விண்டோஸின் நிகழ்வுப் பதிவைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் 4101 என்ற இலக்கம் இருக்கும். உடனே டிரைவரைத் திட்டாமல் வெப்பத்தைப் பாருங்கள். உரும்பிராய், கோண்டாவில் பக்கத்துச் செம்மண் தூசி விசிறித் தகடுகளில் பாய்போல் படியும். பல என்விடியா கார்ட்கள் 83 பாகை அளவில் வேகத்தைத் தாமாகக் குறைக்கும்.

ஒழுங்காக ஓடும் டிரைவரின் நிறுவல் கோப்பை ஒரு பென் டிரைவில் போட்டு வையுங்கள். 500 எம்பியைத் தாண்டும் அதை, அல்பம் நாளைக்குக் கொடுக்க வேண்டிய இரவில் போன் டேட்டாவில் இறக்கிக்கொண்டிருக்க முடியாது.